புது மஸ்டாங் வாங்கியாச்சு... முதல் அப்கிரேடு இன்ஜினுக்கா, டயருக்கா?

அமெரிக்காவில் சனி, ஞாயிறு காலைகளில் கார் பிரியர்கள் கூடும் ஒரு வழக்கம் உண்டு. ‘கார்ஸ் அண்ட் காஃபி’ என்று பெயர். ஏதாவது ஒரு வணிக வளாகத்தின் பார்க்கிங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, காபி குடித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். இதுவரை எல்லாம் நல்லாத்தான் போகும். கலைந்து கிளம்பும்போதுதான் சிக்கல். கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, புது மஸ்டாங் ஒன்று வாசலில் இருந்து சாலைக்குத் திரும்பும். ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதிப்பார். பின்பக்கம் வழுக்கும், கார் சுழலும், நடைபாதைக் கல்லில் போய் முட்டும். இணையத்தில் இந்த மாதிரி வீடியோக்கள் ஏராளம். ‘மஸ்டாங்னாலே கூட்டத்தைப் பார்த்துப் பாயும்’ என்ற கிண்டலே இதில் இருந்து வந்ததுதான்.

அந்த வீடியோக்களில் எதிலுமே காருக்குப் பவர் குறைவாக இருந்தது பிரச்சினை இல்லை. ஆனால் புதிதாக மஸில் கார் வாங்கிய பலரும் முதலில் தேடுவது, இன்னும் பவரை எப்படி ஏற்றுவது என்பதைத்தான்.

எந்த அப்கிரேடு உண்மையிலேயே பலன் தரும், எது வெறும் சத்தம், எது வாரன்ட்டிக்கு ஆப்பு வைக்கும்? வரிசையாகப் பார்க்கலாம்.

மஸில் கார் என்றால் என்ன?

நடுத்தர அளவிலான இரண்டு கதவு கார், முன்னால் பெரிய வி8 இன்ஜின், பவர் போவது பின்சக்கரங்களுக்கு, சாதாரண ஆள் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை. 1960களில் அமெரிக்காவில் உருவான ஃபார்முலா இது. 1964ல் வந்த போன்டியாக் ஜிடிஓ-வை இதன் தொடக்கம் என்று பலர் சொல்வார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது.

இன்று அந்தக் குடும்பத்தில் ஆள் குறைந்துவிட்டது. டாட்ஜ் சேலஞ்சரின் உற்பத்தி 2023 கடைசியில் நின்றது. செவர்லே கமேரோவும் 2024 மாடலோடு முடிந்தது. பெட்ரோல் வி8 இன்ஜினுடன் பழைய ஃபார்முலாவை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மஸ்டாங். அதனால் 2024 மாடலாக வந்த ஏழாம் தலைமுறை மஸ்டாங் ஜிடி-யையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இருப்பது 5 லிட்டர் ‘கொயோட்டி’ வி8. வெளியாகும் பவர் 480 குதிரைத்திறன். வால்வுள்ள ஆக்டிவ் எக்ஸாஸ்ட் சேர்த்து வாங்கினால் 486. ஒப்பிட்டுப் பார்க்க: 2005ல் வந்த மஸ்டாங் ஜிடி-யில் இருந்தது 300 குதிரைத்திறன். 2011ல் 412. அதாவது, இருபது வருடம் முன்பு ஒருவர் பெரும் செலவு செய்து, இன்ஜினைப் பிரித்து மேய்ந்து எடுத்திருக்கக்கூடிய பவர், இன்றைக்கு ஷோரூமிலேயே சாவியோடு சேர்ந்து வருகிறது.

முதல் அப்கிரேடு, ஆர்டர் படிவத்திலேயே இருக்கிறது

புதுக் கார் வாங்குபவருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதி, தொழிற்சாலை ஆப்ஷன்கள். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு மாட்டுவதற்குக் கஷ்டமான, செலவு பிடிக்கும் பாகங்கள் இந்தப் பட்டியலில்தான் இருக்கும். பலர் இதை அவசரமாகக் கடந்துவிட்டு, பிறகு அதே பாகத்தைத் தேடி அலைகிறார்கள்.

மஸ்டாங் ஜிடி-யில் ‘பெர்ஃபார்மன்ஸ் பேக்’ என்று ஒன்று உண்டு. அறிமுகமானபோது இதன் விலை சுமார் 5,000 டாலர். முன்னால் 390 மி.மீ., பின்னால் 355 மி.மீ. விட்டமுள்ள பிரெம்போ டிஸ்க் பிரேக், பின்பக்கம் அகலமான சக்கரமும் டயரும், முன்பக்க சஸ்பென்ஷன் கோபுரங்களை இணைத்து இறுக்கும் கம்பி, டார்சன் டிஃபரன்ஷியல் ஆகியவை இதில் வரும். கூடுதல் பணம் கட்டினால் ‘மேக்னரைடு’ டேம்பரும் கிடைக்கும்.

டார்சன் என்ன செய்கிறது? சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்தால், பவர் முழுக்க அந்த வழுக்கும் சக்கரத்திலேயே வீணாகும். டார்சன், பல்சக்கரங்களின் உராய்வை வைத்தே, பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக விசையைத் தள்ளிவிடும். வளைவில் இருந்து வெளியே வரும்போது இதன் அருமை தெரியும்.

மேக்னரைடு இன்னும் சுவாரஸ்யம். டேம்பருக்குள் இருக்கும் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். காந்தப்புலம் கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்த எண்ணெய் கெட்டிப்படும். மேடு பள்ளத்தில் மெத்தென்றும், வளைவில் கறாராகவும் ஒரே டேம்பர் மாறிக்கொள்வது இப்படித்தான். இதைப் பின்னால் தனியாக மாட்டுவது சென்சார், வயரிங், மென்பொருள் என்று நீளும் வேலை.

இந்த 5,000 டாலரில் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. ஆனாலும் ஜிடி-க்குச் செய்யக்கூடிய செலவுகளில் நியாயமானது இதுதான். எல்லாப் பாகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சோதிக்கப்பட்டவை. மொத்தத்துக்கும் கம்பெனி வாரன்ட்டி உண்டு. காருக்கான கடன் தவணையிலேயே விலையும் சேர்ந்துவிடும்.

இன்னும் மேலே போக நினைப்பவர்களுக்கு 500 குதிரைத்திறன் கொண்ட ‘டார்க் ஹார்ஸ்’ மாடல் இருக்கிறது. இதற்கும் சாதாரண ஜிடி-க்கும் பவரில் இருக்கும் வித்தியாசம் வெறும் 20. கூடுதல் பணத்தில் பெரும்பகுதி போவது கியர்பாக்ஸ், கூலிங், பிரேக், சஸ்பென்ஷன் போன்றவற்றுக்குத்தான். காரைச் செய்கிற இன்ஜினீயர்களே பணத்தை எங்கே போடுகிறார்கள் என்பதில் ஒரு பாடம் இருக்கிறது.

கார் எதுக்கு? இதுக்குப் பதில் தெரியாம பாகம் வாங்காதீங்க

‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று தனித்தனி ஆசைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, டிராக் ஸ்ட்ரிப். நேர்கோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டரை எத்தனை விநாடியில் கடப்பது என்பது மட்டுமே இங்கே கணக்கு. பின்டயரின் பிடிப்பும், கிளம்பும் வேகமும், பவரும் முக்கியம்.

இரண்டாவது, வளைவுகள் உள்ள ரேஸ் டிராக். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை வேகம் எடுத்து, பலமுறை பிரேக் அடிக்க வேண்டும். பிரேக், டயர், ஆயில் கூலிங் ஆகியவைதான் முதலில் கை விரிக்கும்.

மூன்றாவது, தினசரி ஓட்டம். ஆபீஸ், டிராஃபிக், வார இறுதியில் ஒரு லாங் டிரைவ். இங்கே சொகுசு, சத்தத்தின் தன்மை, நம்பகத்தன்மை ஆகியவைதான் பெர்ஃபார்மன்ஸ்.

ஒன்றுக்கான பாகம் இன்னொன்றுக்கு எதிரியாக இருக்கலாம். டிராக் ஸ்ட்ரிப்பில் கிளம்பும்போது எடை பின்னால் சாய வேண்டும். அதற்கு ஏற்ற மென்மையான அமைப்பு, வளைவில் காரைத் தள்ளாட வைக்கும். ரேஸ் டிராக்குக்கான பிரேக் பேட், குளிர்ந்த காலையில் ஆபீஸ் போகும்போது சரியாகப் பிடிக்காது. போதாக்குறைக்கு சிக்னலுக்கு சிக்னல் கிரீச்சிடும்.

ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா என்பதும் இதே கேள்விதான். மஸ்டாங் ஜிடி-யில் 6 கியர் மேனுவலும் 10 கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. நேர்கோட்டு ஓட்டத்தில் ஆட்டோமேட்டிக்தான் வேகம். பின்னால் சூப்பர்சார்ஜர் மாட்டும் எண்ணம் இருந்தால், மேனுவலில் கிளட்சையும் மாற்ற வேண்டியிருக்கும். ஓட்டும் சந்தோஷம்தான் முக்கியம் என்றால் மேனுவலுக்கு ஈடு இல்லை.

டயர்: உள்ளங்கை அளவு தொடுப்பு

கார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சாலையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு இடம்தான். 1,700 கிலோவைத் தாண்டும் காரும், 480 குதிரைத்திறனும், பிரேக்கும், ஸ்டீயரிங்கும் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் வேலை செய்தாக வேண்டும்.

அடிப்படை ஜிடி பெரும்பாலும் ‘ஆல் சீசன்’ டயரோடு வரும். மழை, குளிர், வெயில் எல்லாவற்றுக்கும் ஓரளவு தாங்கும் ரகம். அதைக் கழற்றிவிட்டு நல்ல ‘சம்மர்’ டயர் போட்டால், வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, திரும்புவது மூன்றுமே ஒரே நேரத்தில் மேம்படும். வேறு எந்தத் தனிப் பாகத்துக்கும் இந்தப் பெருமை கிடையாது. ஒரு செட் நல்ல டயர் பொதுவாக ஆயிரம் டாலரில் இருந்து தொடங்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சம்மர் டயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகிவிடும். பிடிப்பு சட்டென்று குறையும். சிகாகோ, நியூயார்க் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்துக்கு இன்னொரு செட் டயர் வேண்டும். டெக்சஸ், ஃப்ளோரிடாக்காரர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம்.

தொடக்கத்தில் சொன்ன வீடியோக்களைத் திரும்ப நினைத்துப் பார்க்கலாம். காலை நேரம், சூடு ஏறாத டயர், ஸ்டீயரிங் திரும்பியிருக்கும் நிலையில் முழு ஆக்ஸிலரேட்டர், கூடவே டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடும் பழக்கம். அந்தச் சில விநாடிகளில் கூடுதல் பவர் இருந்திருந்தால் காரின் சுழற்சி இன்னும் வேகமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பிரேக்: வேகம் 20 சதவீதம் கூடினால்...

ஓடும் காரின் இயக்க ஆற்றல், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பள்ளிக்கூட இயற்பியல்தான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் 120-ஐத் தொட்டால் வேகம் 20 சதவீதம்தான் கூடியிருக்கிறது. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடும். அந்த ஆற்றல் முழுக்க வெப்பமாக மாறி டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கும்.

வெப்பம் எல்லை மீறினால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பேடின் உராய்வுத்தன்மை விழுந்துவிடும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இரண்டு, பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உருவாகும். குமிழ் அமுங்கும் தன்மை கொண்டது என்பதால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். இரண்டாவது நிலை, அனுபவப்பட்டவர்களுக்கும் குலை நடுங்கவைக்கும் ஒன்று.

இதற்கான தீர்வு ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவு. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். டிராக்குக்குப் போகும் முன் புதிதாக, உயர் கொதிநிலை கொண்ட ஆயிலை மாற்றுவதும், வெப்பம் தாங்கும் பேடு போடுவதும் சில நூறு டாலரில் முடியும் வேலை.

சிவப்பு நிறத்தில் பளபளக்கும் பெரிய காலிப்பர் கிட் பல ஆயிரம் டாலர். பார்க்க கெத்துதான். ஆனால், டயரின் பிடிப்பு அதேதான் என்றால், ஒரே ஒரு முறை அவசரமாக நிறுத்தும்போது பெரிய காலிப்பரால் தூரம் பெரிதாகக் குறையாது. சாதாரண பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு வலுவானது. பெரிய பிரேக்கின் பலன், திரும்பத் திரும்ப அடிக்கும்போது வெப்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது.

சஸ்பென்ஷன்: தாழ்த்தினால் மட்டும் போதுமா?

சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்க ஸ்பிரிங்கை மாற்றுவது, புது மஸ்டாங்காரர்களிடம் அதிகம் காணப்படும் மாற்றம். பெரும்பாலும் தோற்றத்துக்காகத்தான். இடைவெளி குறைந்தால் புவியீர்ப்பு மையம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் குட்டையான ஸ்பிரிங்கை, அதற்காக வடிவமைக்கப்படாத டேம்பரோடு சேர்த்தால், சஸ்பென்ஷன் மேலே கீழே போக இடம் இல்லாமல் முட்டும். மேட்டில் கார் குதிக்கும். குதிக்கும் டயருக்குப் பிடிப்பு ஏது?

இதைவிடச் செலவு குறைந்த வழி, வீல் அலைன்மென்ட். முன்சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணத்தைச் சற்றே கூட்டினால், வளைவில் கார் சாயும்போது டயர் முழு அகலத்துக்கும் தரையைத் தொடும். கார் சொன்னபடி திரும்பும். பதிலுக்கு, டயரின் உள்விளிம்பு கொஞ்சம் சீக்கிரம் தேயும். தினமும் ஓட்டுபவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த படி, ஆன்ட்டி ரோல் பார். வளைவில் பாடி சாய்வதைக் குறைக்கும். நேரான சாலையில் சொகுசை அதிகம் கெடுக்காது. ஸ்பிரிங், டேம்பர் மாற்ற வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால், ஒரே நிறுவனம் ஜோடி சேர்த்துச் சோதித்த செட்டாக வாங்குவது உத்தமம். மேக்னரைடு உள்ள காரில் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்ட ஸ்பிரிங்தான் போட வேண்டும்.

இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும்: பவரா, சவுண்டா?

இன்ஜின் என்பது காற்றை இழுத்து வெளியே தள்ளும் பம்ப். உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் தாராளமாக்கினால் பவர் கூடும் என்பது பழைய காலத்து அறிவு. பழைய கார்களுக்கு அது பொருந்தியது. இன்றைய கொயோட்டியில் தொழிற்சாலையே இரண்டு த்ராட்டில் பாடி, இரண்டு காற்றுப் பாதை என்று வைத்திருக்கிறது. அடைப்பு இருக்கும் இடத்தைத் திறந்துவிட்டால்தானே லாபம்? இங்கே அடைப்பே பெரிதாக இல்லை.

எக்ஸாஸ்ட்டிலும் இதே கதை. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றும் ‘ஆக்ஸில் பேக்’, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள மொத்தக் குழாயையும் மாற்றும் ‘கேட் பேக்’ ஆகிய இரண்டும் முதன்மையாக மாற்றுவது சத்தத்தைத்தான். கால் மைல் நேரத்தில் வித்தியாசத்தை உணர்வது கஷ்டம்.

அதனால் இது தப்பா? இல்லவே இல்லை. வி8 வாங்குபவர்களில் பாதிப் பேர் அந்த உறுமலுக்காகத்தான் வாங்குகிறார்கள். சத்தத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும். அக்கம்பக்கத்தையும் யோசிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் சாதாரணக் கார்களின் எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு 95 டெசிபல் என்று சட்ட வரம்பே உண்டு.

விளம்பரங்களில் ‘இத்தனை குதிரைத்திறன் கூடும்’ என்று போட்டிருந்தால், ஒரு கேள்வி கேட்பது நல்லது: அந்த எண் இன்ஜினில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா? கம்பெனி சொல்லும் 480, இன்ஜினில் அளந்தது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு சக்கரத்துக்கு வருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் கலந்து பேசினால், இல்லாத லாபமும் இருப்பது போலத் தோன்றும். ஒரே டைனோ கருவியில், ஒரே நாளில், பாகம் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்த எண்தான் நம்பத்தகுந்தது.

டியூனும் சூப்பர்சார்ஜரும்: நிஜமான பவர், நிஜமான பில்

எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்பதையெல்லாம் தீர்மானிப்பது இன்ஜினின் கணினி. அதன் மென்பொருளை மாற்றுவதுதான் ‘டியூன்’. முந்தைய தலைமுறை மஸ்டாங்கில் இது சர்வசாதாரணம். 2024 மாடலில் ஃபோர்டு புதிய மின்னணுக் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. பூட்டு பலமாகிவிட்டது, பழையபடி யார் வேண்டுமானாலும் லேப்டாப்பைச் செருகி மாற்றிவிட முடியாது.

பவரை ஒரே தாவில் ஏற்றுவது சூப்பர்சார்ஜர். இன்ஜினின் சுழற்சியில் இருந்தே பெல்ட் மூலம் ஓடி, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி. அதிகக் காற்று, அதிக பெட்ரோல், அதிக பவர். ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் பிரிவு விற்கும் விப்பிள் சூப்பர்சார்ஜர் கிட், கொயோட்டியின் பவரைச் சுமார் 800 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோகிறது. கிட் விலையே 10,000 டாலரை ஒட்டி வரும். பொருத்தும் கூலி தனி.

பில் அங்கே முடிவதும் இல்லை. காற்றை அழுத்தினால் சூடாகும். கொயோட்டியின் அழுத்த விகிதம் ஏற்கெனவே 12:1 என்று உயரமாக இருக்கிறது. சூடான காற்றும், தரம் குறைந்த பெட்ரோலும் சேர்ந்தால், தீப்பொறியில் இருந்து பரவும் சுடர் வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தன்னிச்சையாக வெடிக்கும். இதுதான் ‘நாக்கிங்’. இன்ஜினுக்கு எமன். எனவே உயர் ஆக்டேன் பெட்ரோல் கட்டாயமாகும். கலிஃபோர்னியாவில் பங்க்கில் பொதுவாகக் கிடைக்கும் பிரீமியம் 91 ஆக்டேன். பல மாநிலங்களில் 93. ஊருக்கு ஊர் டியூனும் மாற வேண்டும்.

அடுத்து கிளட்ச், ஆயில் பம்ப்பின் பல்சக்கரம், பின் ஆக்ஸில், கூலிங் என்று சங்கிலித் தொடர்போல ஒவ்வொன்றும் ‘என்னையும் கவனி’ என்று வரும். 800 குதிரைத்திறனை ஆல் சீசன் டயரில் இறக்கினால் கிடைப்பது வேகம் அல்ல, புகை.

வாரன்ட்டி போயிடுமா?

புது மஸ்டாங்குக்கு ஃபோர்டு தருவது 3 ஆண்டு அல்லது 36,000 மைல் முழு வாரன்ட்டி. இன்ஜின், கியர்பாக்ஸ் தொகுதிக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல்.

‘வெளிப் பாகம் எதை மாட்டினாலும் வாரன்ட்டி மொத்தமும் காலி’ என்று சொல்லப்படுவது சரியல்ல. அமெரிக்காவில் 1975ல் வந்த மேக்னசன்–மாஸ் வாரன்ட்டி சட்டம் இதற்குப் பாதுகாப்பு தருகிறது. வெளிப் பாகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்ட்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்றால், அந்தக் கோளாறுக்கு மட்டும் மறுக்கலாம். ஆன்ட்டி ரோல் பார் மாற்றியதற்காக ஏ.சி. ரிப்பேரை மறுக்க முடியாது. ஆனால் வெளி டியூன் ஏற்றிய காரில் பிஸ்டன் உடைந்தால், டீலரிடம் வாதாடி ஜெயிப்பது குதிரைக்கொம்பு.

இதனால்தான், கார் நிறுவனத்தின் சொந்தப் பிரிவே விற்று, டீலரே பொருத்தி, தனி வாரன்ட்டியோடு தரும் கிட்டுகளுக்கு மவுசு. விலை கூடுதல்தான். ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

மாசுச் சட்டம் தனிக் கதை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதும், மாசுக் கட்டுப்பாட்டை முடக்கும் டியூன் ஏற்றுவதும் அமெரிக்கக் காற்றுத் தூய்மைச் சட்டப்படி குற்றம். கன்வெர்ட்டரை இடம் மாற்றும் நீளமான ஹெடர்களும் சாலைக்கு ஏற்றவை அல்ல. கலிஃபோர்னியாவில் இன்டேக், சூப்பர்சார்ஜர் போன்றவற்றுக்கு அந்த மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். வாங்கும் முன் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்தால், புகைப் பரிசோதனையின்போது பாகத்தைக் கழற்றி மாட்டும் அவஸ்தை இருக்காது.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றங்களைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு கிளெய்முக்கே சிக்கல் வரலாம். சாதாரண பாலிசிகள் பெரும்பாலும் ரேஸ் டிராக்கில் நடக்கும் விபத்தை ஏற்பதில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் பாலிசிகள் உண்டு.

எலெக்ட்ரிக் மஸில் காரில்?

டாட்ஜ் நிறுவனம் 2024ல் சார்ஜர் டேடோனா என்ற எலெக்ட்ரிக் மஸில் காரைக் கொண்டுவந்தது. இதில் பவர் கூட்டும் ‘ஸ்டேஜ்’ கிட் என்பதே மென்பொருள்தான். ஸ்டேஜ் கிட்டோடு சேர்த்து ஆர்/டி மாடலுக்கு 496, ஸ்காட் பேக் மாடலுக்கு 670 குதிரைத்திறன். ஸ்பேனர் தேவையில்லை, எண்ணெய்க் கறை இல்லை. ஆனால் பேட்டரியின் எடை காரணமாக டயரும் பிரேக்கும் சுமக்க வேண்டிய பாரம் இன்னும் அதிகம். வரிசை இங்கேயும் மாறவில்லை.

இந்தியாவில் இதெல்லாம் நடக்குமா?

மஸ்டாங் ஜிடி 2016ல் இந்தியாவுக்கும் வந்தது. ஃபோர்டின் தொழிற்சாலை மறைமலை நகரில் இருந்தபோதும், மஸ்டாங் முழுக் காராக இறக்குமதியானது. ஷோரூம் விலை சுமார் 65 லட்சம் ரூபாய். அன்று வந்த கார்கள் இன்றும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கை மாறுகின்றன.

ஆனால் சட்டம் இங்கே கறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த டயருக்குப் பதில் அதே அளவில் தரமான டயர், நல்ல பிரேக் பேடு, சரியான பிரேக் ஆயில் ஆகியவை பராமரிப்பு. சூப்பர்சார்ஜர் அப்படி இல்லை.

சரி, 5,000 டாலர் கையில் இருக்கு. என்ன செய்யலாம்?

காரை இன்னும் ஆர்டர் செய்யவில்லை என்றால், பெர்ஃபார்மன்ஸ் பேக். அதோடு கணக்கு முடிந்தது.

அடிப்படை ஜிடி ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது என்றால், வரிசை இப்படி இருக்கலாம்:

1. முதல் 1,000 மைல் எதையும் தொடாமல், இன்ஜினை விரட்டாமல் ஓட்டுவது. கார் எங்கே திணறுகிறது என்று அதற்குள் புரிந்துவிடும்.
2. நல்ல டயர்.
3. பிரேக் ஆயில், பேடு.
4. அலைன்மென்ட், தேவைப்பட்டால் ஆன்ட்டி ரோல் பார்.
5. ஓட்டக் கற்றுக்கொள்வது.
6. அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால், எக்ஸாஸ்ட்.

இதில் பலரும் தாண்டிப் போவது ஐந்தாவதைத்தான். 1944ல் தொடங்கிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்சிசிஏ, நாடு முழுக்க ‘ஆட்டோகிராஸ்’ நடத்துகிறது. காலி மைதானத்தில் ரப்பர் கூம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு காராக நேரம் கணக்கிட்டு ஓட்டுவார்கள். சொந்தக் காரிலேயே போகலாம். கார் சுழன்றால் சாய்வது ஒரு கூம்பு மட்டும்தான். நடைபாதையில் செல்போனோடு நிற்கும் மனிதர் அல்ல.

பின்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும் அந்த அரை விநாடியில் கை என்ன செய்ய வேண்டும், கால் என்ன செய்யக் கூடாது என்பது அங்கே பழகிவிடும். அடுத்த வருடம் வேறு கார் வாங்கினாலும் இந்த அப்கிரேடு கூடவே வரும். 800 குதிரைத்திறன் கிட் எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் இருக்கிற 480-ஐ முழுசா ஓட்டிப் பார்க்கலாமே!